ஆளுக்கு ஆள்

"உன்ர காலில சங்கிலி இருந்ததோ?" என்று சரித்திர ஆசிரியை என்னிடம் கேட்டார்.

அடிமை முறை ஏன் பிழை என்று எழுதச் சொன்ன கட்டுரை அது. என் வகுப்பில் இருந்த நீங்கள் எல்லோரும் கப்பல்களைப் பற்றியும் கரும்புத் தோட்டங்களைப் பற்றியும் எழுதினீர்கள். நான் அக்கராயனில் ஒரு வீட்டைப் பற்றி எழுதினேன். ஆசிரியை என் கொப்பியை மேசையில் வைத்து அதன் மேல் தன் கையையும் வைத்துக்கொண்டார்.

"நல்லா எழுதியிருக்கிறாய். ஆனா அடிமை எண்டது பெரிய சொல். வீட்டு வேலைக்கு நிண்டதையெல்லாம் அப்பிடிச் சொல்லேலாது. அவை உனக்கு அடிச்சவையோ? சாப்பாடு தராமல் விட்டவையோ?"

"இல்லை மிஸ். நல்லாப் பாத்தவை."

"பிறகென்ன?"

அதற்கு என்னால் நின்ற நிலையில் பதில் சொல்ல முடியவில்லை. உங்களில் சிலர் சிரித்தீர்கள். சிரித்ததற்கு நான் கோபிக்கவில்லை. கேள்வி நல்ல கேள்வி. என்னோடு ஒரே வாங்கில் இருந்து உயர்தரம் படித்தவர்களே, அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். அது ஒரு போகத்துக் கதை. நெல் விளைகிற அளவு நேரம் அதற்கும் வேண்டும்.

எங்கள் வீட்டில் கையெழுத்து வைக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா, அம்மா, அவர்களைப் பெற்றவர்கள் எல்லோரும் பெருவிரலில் மை பூசியவர்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கினோம். எனக்கு ஏழு வயது. அம்மாவின் கொழுந்துக் கூடைக்குள் ஒரு கம்பளி, இரண்டு சட்டி. அதற்கு மேல் நான் இருந்துகொண்டு ரயில் யன்னலால் பார்த்தேன். கிளிநொச்சியில் இறங்கியபோது நிலம் தட்டையாகக் கிடந்தது. மலையே இல்லாத ஊரில் ஆட்கள் எதில் சாய்ந்து நிற்பார்கள் என்று யோசித்தேன். வானம் மிகவும் பெரிதாக இருந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லோரும் கொஞ்சம் மிதப்பது போலத் தெரிந்தார்கள்.

ஸ்டேஷனுக்கு வெளியே செய்வதறியாது நின்ற எங்களை ஒருவர் தன் உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து, குளத்துத் தண்ணீரில் வயல் செய்ய அக்கராயனில் காணி எடுத்தவர். எங்களுக்குள் அவரைக் கமக்காரர் என்போம். அவர் முன்னால் ஐயா. வாய்க்கால் கரையில் கொட்டில் போட இடம் தந்தார். அன்றிரவு அவர் வீட்டிலிருந்து ஒரு சட்டி சோறு வந்தது. மூன்று நாளுக்குப் பிறகு கண்ட சோறு. அதன் ஆவி என் முகத்தில் பட்டதை இன்றும் மறக்கவில்லை. இனி வரப்போகிற எதுவும் அந்தச் சோற்றைப் பொய்யாக்காது.

மாரி மழையில் விளையும் முதல் காலபோகத்தில் அப்பா ஒன்றைக் கண்டுபிடித்தார். நெல் அறுக்கும் அருவி வெட்டுக்குக் கமக்காரரும் பக்கத்து வயல்காரர் நாலைந்து பேரும் ஒருவர் வயலுக்கு ஒருவர் போனார்கள். இன்றைக்கு உன் வயலில் நான், நாளைக்கு என் வயலில் நீ. கூலி இல்லை, சாப்பாடு மட்டும். தான் வரமுடியாதவர் தம்பியை அனுப்புவார், இல்லாவிட்டால் மகனை அனுப்புவார். "எங்களுக்குள்ள ஆளுக்கு ஆள்தான்" என்றார்கள்.

அப்பா அன்று பின்னேரம் ஓடிவந்து அம்மாவிடம் அதிசயம் போலச் சொன்னார். "இங்க ஒவ்வொருத்தருக்கும் சொந்தமா நாளு இருக்கு, தெரியுமா? அத எடுத்து இன்னொருத்தருக்குக் குடுக்குறாங்க. அவரு திருப்பிக் குடுக்குறாரு."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "அப்ப தோட்டத்துல நம்ம நாளெல்லாம் யாருகிட்ட இருந்துச்சு?"

அப்பா விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். "தொரைகிட்ட."

இருவரும் சிரித்தார்கள். அந்த வழக்கத்தின் மேல் அப்பாவுக்கு ஒரு காதலே வந்துவிட்டது. அதைப் பார்க்கவென்றே வரப்பில் போய் நிற்பார்.

அடுத்த வருடம் கமக்காரரின் மனைவி எங்கள் கொட்டிலுக்கு வந்தார். "இவளை எங்கட வீட்டில விடுங்கோ. எங்கட பிள்ளைக்கும் துணையா இருக்கும். பள்ளிக்கூடமும் விடலாம். எங்கட பிள்ளை மாதிரிப் பாப்பம்." பள்ளிக்கூடம் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா கும்பிட்டார். அம்மா என் தலையை இழுத்துப் பின்னி, கூடையின் பட்டியிலிருந்து ஒரு துண்டு துணி கிழித்து முடிச்சுப் போட்டு அனுப்பினார்.

அந்த வீட்டில் என் நாள் கிணற்றடியில் தொடங்கும். குளத்துப் பக்கமிருந்து வரும் பனி, அணைக்கட்டில் ஏறி, மருத மரங்களுக்குள் நுழைந்து, வயலுக்கு மேலால் மெதுவாக நடந்து வந்து என் முழங்காலைத் தொடும். வாளிக் கயிறு குளிரும். பனிக்குள் எங்கோ வாய்க்கால் தண்ணீர் தனக்குத்தானே கதைத்துக்கொண்டு போகும். கொக்குகள் நிற்பது தெரியாது, எழும்பிப் பறக்கும்போதுதான் தெரியும். அந்த நேரத்தில் நான் யாருடைய ஆளும் இல்லை என்று தோன்றும். பிறகு குசினிக்குள் விளக்கு எரியும்.

கமக்காரர் மனைவியை மாமி என்று கூப்பிட வேண்டும். "அம்மா எண்டாதை. நான் என்ன துரைச்சாணியே?" என்று அவரே சிரித்துச் சொன்னார். சனிக்கிழமைகளில் தன் கையாலேயே எனக்கு எண்ணெய் வைப்பார். காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துத் தருவார். பொங்கலுக்கு எனக்கும் சட்டை தைத்தார். மகளுக்குத் தைத்த அதே பூத்துணியில் மிஞ்சியது.

அந்த மகளுக்கும் எனக்கும் ஒரே வயது. வீட்டில் அவளைப் பிள்ளை என்றார்கள், என்னைப் பெட்டை என்றார்கள். "பிள்ளை, சாப்பிட வா. பெட்டை, கோப்பையைக் கழுவி வை." ஒரே சட்டிக் கறிதான் இருவருக்கும். அவள் மேசையில் சாப்பிடுவாள், நான் குசினி வாசலில்.

பள்ளிக்கூடம் எப்போதும் அடுத்த தவணையில் இருந்தது. விதைப்பு முடியட்டும் என்றார் மாமி. பிறகு அருவி வெட்டு முடியட்டும் என்றார். பிள்ளையைக் குடை பிடித்துக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடப் படலையில் விட்டுவிட்டுக் குடையோடு திரும்பி வருவேன். மழை இல்லாத நாளிலும் அந்தக் குடை என் கையில் இருக்கும்.

எழுத்து எனக்கு விளையாட்டில்தான் வந்தது. பின்னேரங்களில் வைக்கோல் போருக்குப் பின்னால் பிள்ளையும் நானும் வீடு விளையாடுவோம், பள்ளிக்கூடம் விளையாடுவோம். வைக்கோல் வெயிலில் புளித்து மணக்கும். தும்பிகள் எங்கள் தலைக்கு மேல் அசையாமல் நிற்கும். விளையாட்டின் சட்டத்தைப் போட்டவள் பிள்ளைதான்: "இண்டைக்கு நான் ரீச்சர், நாளைக்கு நீ. இண்டைக்கு நான் வீட்டுக்காரி, நாளைக்கு நீ. இல்லாட்டி விளையாட்டில்லை." அவள் ரீச்சராக இருந்த நாட்களில் நான் மணலில் எழுத்துப் படித்தேன். என் முறை வந்தால், எனக்குத் தெரியாததையெல்லாம் அவளிடம் கேள்வியாகக் கேட்பேன். அவள் எழும்பி நின்று பதில் சொல்வாள். நான் தெரிந்ததுபோலத் தலையாட்டி அதையும் படித்துக்கொள்வேன்.

ஒருநாள் நான் வீட்டுக்காரி. பிள்ளை உள்ளேயிருந்து சின்னக் கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். நான் கால்மேல் கால் போட்டு இருந்தேன்.

"பெட்டை, தேத்தண்ணி!"

"ஓம் மாமி, இந்தா வாறன் மாமி." சிரட்டையில் தண்ணீரோடு குனிந்து குனிந்து வந்தாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

"சீனி காணாதடி!"

"சீனி எலி தின்டிட்டுது மாமி."

அப்போதுதான் உண்மையான மாமி அங்கே நிற்பதைக் கண்டோம். அவர் ஏசவில்லை. மெதுவாகச் சொன்னார். "பிள்ளை, உவளைக் கதிரையில இருத்தாதை."

"ஏனம்மா? விளையாட்டுத்தானே."

"விளையாட்டுத்தான். ஆனாப் பழகிடும். பழகினாப் பிறகு அவளுக்குத்தான் கஷ்டம். பாவமெல்லே."

கதிரையை இழுத்துக்கொண்டு போனார். அதன் பின்னங்கால்கள் மணலில் இரண்டு கோடு கீறிக்கொண்டு வீட்டு வாசல் வரை போயின. மறுநாள் முற்றம் கூட்டும்போது அந்தக் கோடுகளையும் நானே கூட்டினேன்.

நீங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். "உங்கட ஆக்கள் இந்த வேலைக்கெண்டே பிறந்தவை" என்று ஊரில் எங்களிடம் சொல்வார்கள். மாமியும் சொல்வார், அன்பாகத்தான். அப்படிப் பிறந்தவர்கள் ஒரு பின்னேரம் கதிரையில் இருந்தால் கெட்டுவிடுவோம் என்று ஏன் பயப்பட வேண்டும்? மாட்டுக்கு யாரும் கதிரையை ஒளிப்பதில்லை. எங்கள் பிறப்பில் ஒரு குறையும் இல்லை என்பது மாமிக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது. ஒரு பின்னேரம் போதும் எங்களுக்குப் பழக என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பொங்கலுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மாமியின் தங்கை கைக்குழந்தையோடு வந்தார். நான் தட்டில் மூன்று கோப்பைத் தேநீரோடு விறாந்தைக்குப் போனேன்.

"அக்கா, இவளை எனக்குத் தாங்கோவன். கைப்பிள்ளையோட தனியக் கிடந்து சாகிறன்."

மாமி என்னைப் பார்த்தார். இரவல் கேட்கப்பட்ட பாத்திரத்தைப் பார்ப்பது போல, கொஞ்சம் பெருமையோடு, கொஞ்சம் மனமில்லாமல். "கெட்டிக்காரி. களவு பொய் இல்லை. ஒருக்காச் சொன்னாப் போதும். ம்... சூடு அடிச்சு நெல்லு வீட்டுக்கு வரட்டும், கூட்டிக்கொண்டு போ."

"தேப்பன்காரன் ஒண்டும் சொல்லமாட்டானோ?"

"அவன் என்ன சொல்லுறது? எங்கட ஆள்தானே."

உண்மையைச் சொல்கிறேன்: முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கெட்டிக்காரி என்று என்னை யாரும் அதுவரை சொன்னதில்லை. அந்த இனிப்பு நாக்கில் இருக்கும்போதே மற்றது விளங்கியது. கையில் தட்டு இருந்தது. தேநீர் ஆடவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

அதற்குள் அப்பா ஜெயபுரம் பக்கம் காடு வெட்டி, ஒரு துண்டு நிலம் சொந்தமாக்கி, மழையை நம்பி முதல் நெல் விதைத்திருந்தார். அம்மாவும் இடையில் பிறந்த கைக்குழந்தைத் தம்பியும் அங்கே போய்விட்டார்கள். அப்பா மட்டும் பழைய சைக்கிளில் வந்து கமக்காரரின் வேலையைச் செய்துவிட்டுப் போவார். ஒருநாள் வேலியடியில் அவரைப் பிடித்தேன். நான் அப்போது இரண்டு தமிழ் கதைப்பேன், வீட்டுக்குள் ஒன்று, அப்பாவிடம் ஒன்று.

"அப்பா, என்னைய யாழ்ப்பாணத்துக்குக் குடுக்கப் போறாங்க."

"யாரு சொன்னா?"

"மாமி."

அப்பா சைக்கிள் மிதியைக் காலால் பின்பக்கமாகச் சுற்றிவிட்டார். அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம நெல்லு பழுத்துருச்சு" என்றார். "கிளி விழுது." நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை என்றே நினைத்தேன். அவர் போன பிறகு வேலியடியில் நிறைய நேரம் நின்றேன். வயலுக்கு மேல் வெயில் மஞ்சளாகி, மஞ்சள் செம்மண் நிறமாகி, பிறகு நெல்லும் வானமும் ஒன்றாகிவிட்டன.

சூடு அடிக்கிற நாள் வந்தது. களம் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. வழக்கம்போலப் பக்கத்து வயல்காரர்களும் வந்திருந்தார்கள், அப்பாவும் நின்றார். உழவு மெசின் கதிரின் மேல் சுற்றிச் சுற்றி ஓடியது. பொன் தூசி எழும்பி எல்லோர் இமையிலும் படிந்தது. பத்து மணிக்கு மெசினை நிறுத்திப் பழஞ்சோறு சாப்பிட இருந்தார்கள். நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்பா வழக்கம்போலக் கொஞ்சம் தள்ளிக் குந்தியிருந்தார்.

"கிட்ட வாவன்ரா" என்றார் கமக்காரர். நல்ல மனநிலையில் இருந்தார், விளைச்சல் நல்லது. "நீ எங்கட ஆள்தானே."

அப்பா எழும்பி வந்தார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். "அப்படீன்னா ஒன்னு கேக்கட்டுங்களாய்யா? எங்க நெல்லு பழுத்துருச்சு. பொஞ்சாதி கைப்புள்ளக்காரி. கிளி வெரட்ட ஆள் இல்ல. எங்க புள்ள ஒரு வருசமா உங்க வீட்ல இருந்துச்சு. உங்க புள்ளயக் கொஞ்ச நாளைக்கு எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்கய்யா. எங்க புள்ள மாதிரியே பாத்துக்குவோம்."

வாய்க்கு எடுத்த கைகள் நின்றன. பிறகு ஒருவர் வெடித்துச் சிரித்தார். "உவனுக்கு வெயில் பிடிச்சிட்டுது."

"நாளைக்கு என்ர மனிசியையும் கேப்பான் போல" என்றார் இன்னொருவர்.

"குடுத்துவிடு, நீயும் கொஞ்ச நாள் ஆறுதலா இருப்பாய்."

எல்லோரும் சிரித்தார்கள். கமக்காரர் சிரிக்கவில்லை. "என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

"ஏங்கய்யா? ஆளுக்கு ஆள்ங்கிறது இங்கத்து வழக்கந்தானுங்களே."

"அது எங்களுக்குள்ள."

"நானும் உங்க ஆள்னு இப்பச் சொன்னீங்களேய்யா."

சிரிப்பு நின்றது. மெசினின் சூடான இரும்பு டிக் டிக் என்று ஆறும் சத்தம் கேட்டது. மோர்க் குடத்தைப் பிடித்தபடி நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. வரப்பில் நின்று அந்த வழக்கத்தைப் பார்த்த அதே முகம்.

குசினி வாசலில் மாமி நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறார். அவர் குரல் உடைந்து வந்தது. "என்ர பிள்ளை என்ன வேலைக்காரியே, கண்ட வீட்டில போய் நிக்க?"

அன்று பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளை தாயின் சேலைக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "நீங்கள்தானேம்மா சொன்னனீங்கள், இவள் வேலைக்காரி இல்லை, எங்கட பிள்ளை மாதிரி எண்டு. அப்ப நான் போனா நானும் அவையின்ர பிள்ளை மாதிரித்தானே? நான் போறன். கிளி கலைக்க எனக்கு விருப்பம்."

"வாயைப் பொத்து!"

அந்த ஒரு அதட்டலில் எல்லாம் வெளியே வந்துவிட்டது, நெல்லை உதறியதும் பதர் பறப்பதுபோல. தன் மகளை எங்கள் வீட்டில் நிறுத்துவது கேவலம் என்றால், என்னை அங்கே நிறுத்தியது என்ன? ஒரு செயலுக்கு இரண்டு பெயர். எங்கள் வீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போனால் அது அன்பு. அங்கிருந்து இங்கே வந்தால் அவமானம். அன்று இந்தச் சொற்கள் எனக்குத் தெரியாது. மோர்க் குடம் கனத்தது, அவ்வளவுதான்.

அப்பா மெதுவாகச் சொன்னார். "சரிங்கம்மா. ஆள் மாத்த முடியாதுன்னா விடுங்க. அவங்கவங்க புள்ள அவங்கவங்ககிட்ட இருக்கட்டும். எம் புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

மாமி அழுதார். நடிப்பு இல்லை. "தெருவில நிண்ட உங்களைக் கூப்பிட்டுச் சோறு தந்தமே. அதுக்கு இதுவே நன்றி?"

அப்பா தலைகுனிந்து நின்றார்.  எனக்குப் பயமாக இருந்தது. சோற்றைச் சொன்னால் அப்பா தோற்றுவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

"அதுக்கு நான் சாகுற வரைக்கும் கடமைப்பட்டவம்மா. எந்த நேரம் கூப்பிட்டாலும் வருவேன். ஆனா கடமப்பட்டது நானு. புள்ள இல்ல."

கமக்காரர் நெல்லைப் பார்த்தபடி சொன்னார். "கூட்டிக்கொண்டு போ."

என்னைக் கரியரில் இருத்தி அப்பா மிதித்தார். காட்டு வழி. பாலை மரங்களின் நிழல் எங்கள் மேல் விழுந்து, விலகி, மறுபடி விழுந்தது. மஞ்சள் வண்ணத்திப்பூச்சிகள் தெரு முழுக்க ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன, சக்கரத்துக்கு வழிவிட்டு. நான் அழுதேன். சந்தோஷத்தில் என்று நினைக்காதீர்கள். பிள்ளையை விட்டுவந்தது, கிணற்றடிப் பனி, சனிக்கிழமை எண்ணெய், எல்லாம் சேர்ந்து அழவைத்தன. போகலாமா என்று அப்பா என்னைக் கேட்கவில்லை. அந்தக் களத்தில் அத்தனை பேர் என்னைப் பற்றிக் கதைத்தார்கள், யாரும் என்னோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை எங்கள் நிலத்துக்கு ஒருவர் வந்தார். கமக்காரருக்கு வேலை செய்பவர், எங்களைப்போல மலையிலிருந்து வந்தவர்தான். கையில் அரிவாள். "ஐயா அனுப்புனாருங்க. உங்க புள்ள நின்னதுக்கு ஆளுக்கு ஆள் சரியாப் போச்சுன்னு சொல்லச் சொன்னாரு."

"போறியான்னு ஒன்னக் கேட்டாரா?" என்றார் அப்பா.

அவர் சிரித்தார். "என்னைய எதுக்குங்க கேக்கணும்?"

அப்பா அந்த அரிவாளை வாங்கி மரத்தில் கொளுவினார். "அப்ப இன்னிக்கு ஒன் நாளு. ஒக்காரு."

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குந்தினார், எழும்பினார், தண்ணீர் குடித்தார். அம்மா கஞ்சி கொடுத்தார். பிறகு பாலை மரத்தடியில் சரிந்து, கையைத் தலைக்கு வைத்து, தூங்கிப்போனார். அப்படி ஒரு தூக்கத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. வாய் திறந்து கிடந்தது. மரத்திலிருந்து இலை விழுந்து அவர் மார்பில் ஒட்டியது. வெயில் அவர் காலிலிருந்து ஏறி முழங்காலுக்கு வந்தது. நாங்கள் ஓலை வெட்டி நிழல் வைத்தோம்.

கிளிகள் வந்தன. பச்சைப் போர்வையை உதறிப் போட்டதுபோலக் கூட்டமாக விழுந்தன. அவற்றைக் கலைக்க எங்களிடம் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று இருந்தது, தட்டினால் காடு அதிரும். அம்மா தகரத்தில் கை வைத்தார். தூங்கும் மனிதரைப் பார்த்தார், கையை எடுத்துவிட்டார். அன்று முழுக்க நாங்கள் சத்தம் போடவில்லை. அம்மா தம்பியைக் கொழுந்துக் கூடைக்குள் போட்டு முதுகில் தொங்கவிட்டு, சேலைத் தலைப்பை வீசிக்கொண்டு வரப்பில் நடந்தார். நான் பூச்சட்டையைக் கழற்றிக் கம்பில் கட்டி ஆட்டினேன். அப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு பறவைபோல நெல்லுக்குள் ஓடினார். சத்தமில்லாமல் கிளி கலைக்கும் மூன்று பேர். கிளிகளும் அன்று கொஞ்சம் மரியாதையாகவே எழும்பின. இதையெல்லாம் நான் கனவில் கண்டேனோ என்று சில நேரம் சந்தேகம் வரும். அம்மாவிடம் கேட்பேன். "கனவா? கையி வலிச்சதே எனக்கு" என்பார். அந்தக் கூடை இப்போது இல்லை. பிறகு சண்டைக்குப் பயந்து ஓடிய ஓட்டங்களில் எதிலோ விட்டுவிட்டோம்.

பின்னேரம் அவர் திடுக்கிட்டு எழும்பினார். வெட்கப்பட்டு முகத்தைத் துடைத்தார். மரத்திலிருந்து அரிவாளை எடுத்தார். அப்பா தடுக்கப் போனார்.

"என் நாளுன்னுதானே சொன்னீங்க?" என்றார் அவர். "அப்ப என் இஷ்டம். வெட்டுறேன்."

பொழுதுபடும் வரை வெட்டினார். சீழ்க்கை அடித்தபடி வெட்டினார். அடுத்த போகம் அவரும் எங்கள் பக்கத்தில் தனக்கென்று காடு வெட்டினார்.

அந்த வருடமே என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இரண்டாம் வகுப்பில் இருந்தேன். மணலில் படித்தது போதுமாக இருந்தது. பிள்ளையை நான் பிறகு காணவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போனாள் என்று கேள்வி. கமக்காரர் வருத்தம் வந்து படுக்கையில் கிடந்தபோது அப்பா போய் இரண்டு போகம் அவர் வயலுக்குத் தண்ணீர் கட்டிக் கொடுத்தார். அப்பாவைக் கேட்டார்கள், அப்பா போனார்.

போன வருடம் அப்பாவிடம் கேட்டேன். "அன்னிக்கு வேணும்னேதானே அப்படிக் கேட்டீங்க?"

"எப்படி?"

"அவங்க புள்ளய அனுப்பச் சொல்லி."

அம்மா குறுக்கே விழுந்தார். "ஒங்கப்பாவுக்கு அவ்வளவு வெவரம் ஏது? நெசமாவே வரும்னு நெனச்சு அந்தப் புள்ளைக்குப் பாயெல்லாம் முடைஞ்சு வச்சாரு."

 அப்பா தன் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பாய் முடைந்தது எனக்குத் தெரியாது. அதைக் கேட்ட பிறகு என் நினைப்பு மாறியது. கமக்காரரை மடக்கவென்று அப்பா கேட்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளையும் தன் பிள்ளையும் ஒன்று என்று அவர் உண்மையிலேயே நம்பியிருந்தார். அந்தக் களத்தில் அதை நம்பிய பெரியவர் அவர் ஒருவர்தான், மற்றது ஒரு சிறுமி. அதனால்தான் மற்றவர்களுக்கு அது விசர்க்கதையாகக் கேட்டது.

மிஸ், நீங்கள் கேட்ட "பிறகென்ன" இதுதான். சங்கிலி இல்லை, அடி இல்லை, பட்டினி இல்லை. நான் மனதாரச் சொல்கிறேன், மாமி நல்லவர். ஆனால் எனக்கு எண்ணெய் வைத்த அதே கை, என்னைத் தூக்கித் தங்கைக்குக் கொடுக்கவும் முடியும் என்று நினைத்தது. வைத்திருப்பவர் நல்லவராக இருந்தால் வைத்திருப்பது நல்லதாகிவிடாது. அந்த நல்லதும் அவருடைய பொருள்தான். எண்ணெயைப்போல, தரலாம், மூடி வைக்கலாம். மனிதர் கைக்குக் கை மாறக்கூடிய பொருளாகும் இடத்தில், எத்தனை அன்பு இருந்தாலும் அந்தப் பெரிய சொல் பொருந்தும்.

அப்பாவிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. அவர் என்னைத் திருப்பி எடுத்தார், கேட்டு எடுக்கவில்லை. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையை என்ன கேட்பது என்பீர்கள். எந்த வயதில் தொடங்கலாம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டுச் சிறுமிக்கு எட்டு வயது. ஆறு மாதமாகக் கிளிநொச்சியில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டிருந்தார்கள். நான் பின்னேரங்களில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது அவளுடைய தாய் வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "நீ போயிப் பேசுறதுன்னா பேசும்மா. எனக்கு வாய் வராது" என்றார்.

சென்ற சனிக்கிழமை பஸ் ஓடவில்லை. அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு விடிய முன்னமே வெளிக்கிட்டேன். அந்த வீட்டுப் படலையைத் திறந்தபோது அவள் முற்றத்தில் குந்தியிருந்து சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கார அக்கா வாசலுக்கு வந்தார்.

"ஆர் நீர்? ஆரைக் கேட்டு உள்ளுக்கு வந்தனீர்?"

"இன்னும் ஒருதரையும் கேக்கேல்லை அக்கா. முதல் இவளைக் கேட்டிட்டு உங்களோட கதைக்கிறன்."

அவளுக்கு முன்னால் நானும் குந்தினேன். "வீட்டுக்கு வாறியா, இங்கயே இருக்கிறியா? எதுன்னாலும் நீ சொல்லு. நான் கோவிக்க மாட்டேன்."

அவள் அந்த அக்காவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சாம்பல் கையைச் சட்டையில் துடைத்தாள். வேலியில் சாய்த்திருந்த சைக்கிளை நிறைய நேரம் பார்த்தாள்.  வெயில் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து இருந்தது.

"வாறேன்" என்றாள். "ஆனா பின்னுக்கு இருக்க மாட்டேன். முன்னுக்குத்தான்."

சைக்கிள் கைப்பிடியில் தொங்கிய என் பையைக் கழற்றிக் கரியரில் கட்டினேன்.